போர்டு இல்லாத பஸ்



மலர்க்குழுவில் இருக்கும் நண்பன் ஒருவன் என்னிடம் வந்து, "மேலாண்மை பத்தி ஒரு கட்டுரை எழுதித் தாடா. விஷன், மிஷன், பிளானிங்னு ஏதாவது" என்றான். எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சொற்களால் நான் பட்ட பாடு அவனுக்கும் தெரியும். தெரிந்துதான் கேட்டிருக்கிறான்!

போன வருஷம் நம் கல்லூரிக்கு ஒரு குழு பார்வையிட வந்தது நினைவிருக்கும். அதற்கு ஒரு மாதம் முன்பே ஒவ்வொரு துறை வாசலிலும் பளபளவென்று போர்டு மாட்டினார்கள். மேலே விஷன், கீழே மிஷன், எல்லாம் ஆங்கிலத்தில். மாணவர்கள் மனப்பாடம் செய்ய வேண்டும் என்று உத்தரவு. நானும் பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் முணுமுணுத்து மனப்பாடம் செய்தேன்.

வந்த குழுவில் தலை நரைத்த ஒரு பேராசிரியர் நேராக என்னிடம் வந்தார். "உங்கள் துறையின் விஷன் என்ன?" என்றார். மூச்சு விடாமல் ஒப்பித்தேன். கமா கூடத் தப்பவில்லை. அவர் புன்னகைத்து, "நல்லது தம்பி. இப்ப அதையே தமிழ்ல உங்க வீட்டுல சொல்ற மாதிரி சொல்லுங்க" என்றார்.

அவ்வளவுதான். எனக்கு வாய் ஒட்டிக்கொண்டது. பின்னால் நின்ற ஆசிரியர் கண்ணாலேயே என்னை உலுக்கினார். எனக்கு ஒன்றும் வரவில்லை. பேராசிரியர் என் தோளைத் தட்டிவிட்டுப் போய்விட்டார். ஒரு வாரம் வகுப்பில் எனக்கு 'விஷன்' என்றே பெயர்.

ஆச்சி கேட்ட கேள்வி

அன்று சாயங்காலம் வீட்டில் இதைச் சொல்லி வருத்தப்பட்டேன். எங்கள் வீட்டில் படிப்பு என்பது என்னிலிருந்துதான் ஆரம்பம். அப்பா விசைத்தறிக் கூடத்தில் கூலிக்குத் தறி ஓட்டுகிறார். அம்மா தார் சுற்றுகிறாள். ஆச்சிக்குக் கையெழுத்தே தெரியாது, கைநாட்டுதான். அதனால் கல்லூரியில் நடப்பதை எல்லாம் நான் ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் கதை மாதிரி சொல்வது வழக்கம்.

ஆச்சி கேட்டாள்: "அந்தப் போர்டுல அப்படி என்னதாம்லே எழுதியிருக்கு?"

"நாம எங்க போகணும், எதுக்குப் போகணும்னு எழுதியிருக்கு ஆச்சி."

"பஸ்ஸு போர்டு மாதிரியா?"

"ஆமா, அப்படித்தான் வச்சுக்கயேன்."

ஆச்சி கொஞ்ச நேரம் யோசித்தாள். "எனக்குத்தான் போர்டு படிக்கத் தெரியாதுல்லா. நான் என்ன செய்வேன் தெரியுமா? பஸ்ஸுல ஏறி கண்டக்டர்ட்ட கேப்பேன். அவன் சங்கரன்கோவில்ம்பான். பக்கத்துல இருக்க பொம்பளகிட்டயும் கேப்பேன். அவளும் சங்கரன்கோவில்னு சொன்னான்னா நிம்மதியா உக்காருவேன். ஆளுக்கு ஒரு ஊரு சொன்னா இறங்கிருவேன். போர்டு என்ன போட்டிருந்தா என்ன?"

பிறகு அவளாகவே சொன்னாள்: "எனக்குக் கண்ணு ஆப்ரேசன் பண்ணாகள்லா, அங்க அப்படித்தாம்லே இருந்துச்சு. கூட்டிட்டுப் போனவன், மருந்து விட்ட பிள்ள, டாக்டரு, சோறு போட்டவ, யாரைப் பார்த்தாலும் எனக்குக் கண்ணு தெரியணும்னுதான் நின்னாக. ஒருத்தரும் என்னைய வேற பக்கமா போன்னு தள்ளி விடல."

எனக்குச் சுரீர் என்றது. பேராசிரியர் கேட்ட கேள்விக்கு எழுதப் படிக்கத் தெரியாத என் ஆச்சி பதில் சொல்லிவிட்டாள்.

ஆச்சிக்கு நான் எட்டாம் வகுப்புப் படிக்கும்போது கண்புரை முற்றிவிட்டது. சுவரைத் தடவித்தான் நடப்பாள். நம் ஊரில் ஒரு பள்ளிக்கூடத்தில் அரவிந்த் கண் மருத்துவமனையின் இலவச முகாம் நடந்தது. பரிசோதித்து, பஸ்ஸில் திருநெல்வேலிக்கு ஏற்றிப் போய், அறுவை செய்து, லென்ஸ் வைத்து, சாப்பாடும் போட்டுத் திரும்பக் கொண்டுவந்து விட்டார்கள். காசு வாங்கவில்லை. திரும்பி வந்த ஆச்சி முதலில் என் முகத்தைப் பிடித்துப் பார்த்து, "மீசை முளைக்கப் போகுதேலே உனக்கு!" என்றாள். அந்த மருத்துவமனையைப் பற்றி அப்புறம்தான் நூலகத்தில் தேடிப் படித்தேன். படித்ததை உங்களுக்கும் சொல்கிறேன்.

பதினொரு படுக்கை

அரவிந்த் மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி நமக்கு அந்நியர் அல்ல. நம் ஊருக்குக் கிழக்கே, கோவில்பட்டியைத் தாண்டி, எட்டயபுரம் வட்டாரத்து வடமலாபுரம் கிராமத்தில் 1918ஆம் ஆண்டு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். சின்ன வயதில் பேப்பரும் பென்சிலும் இல்லாமல், மணலைப் பரப்பி அதில் விரலால் எழுதிப் படித்தவர். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் 1944இல் பட்டம் பெற்று ராணுவ மருத்துவப் பிரிவில் சேர்ந்தார். பிரசவ மருத்துவர் ஆகவேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை. ஆனால் கடுமையான முடக்குவாதம் வந்து 1948இல் ராணுவத்திலிருந்து வெளியேற வேண்டியதாயிற்று. விரல்கள் கோணிப்போயின. பேனா பிடிப்பதே கஷ்டம்.

நண்பர்களே, இந்த இடத்தில் நாமாக இருந்தால் என்ன செய்திருப்போம்? "விதி" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருப்போம். அவர் பாதையை மாற்றிக்கொண்டு கண் மருத்துவம் படித்தார். கோணிய விரல்களுக்கு ஏற்றபடி கருவிகளை அமைத்துக்கொண்டு அறுவை செய்யப் பழகினார். வாழ்நாளில் அவர் கையால் செய்த கண் அறுவைகள் ஒரு லட்சத்துக்கும் மேல். 1956 முதல் மதுரை அரசு மருத்துவக் கல்லூரியில் கண் துறைத் தலைவர். 1973இல் பத்மஸ்ரீ. 1976இல், 58 வயதில் ஓய்வு பெற்றார்.

எல்லாரும் ஈஸிசேர் வாங்கும் வயதில் அவர் மதுரையில் 11 படுக்கைகளோடு ஒரு கண் மருத்துவமனையைத் தொடங்கினார். தங்கை டாக்டர் நாச்சியார், அவர் கணவர் டாக்டர் நம்பெருமாள்சாமி, தம்பி சீனிவாசன் என்று குடும்பமே தோள் கொடுத்தது. கையில் பெரிய பணம் இல்லை. ஆனால் எங்கே போகவேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது: தேவையில்லாத பார்வையிழப்பு இருக்கக் கூடாது.

'தேவையில்லாத' என்ற அந்த ஒரு சொல்லைக் கவனியுங்கள். குருட்டையே ஒழிப்பேன் என்று அவர் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் கைதட்டல் கிடைக்கும், வேலை நடக்காது. கண்புரை மாதிரி ஒரு சின்ன அறுவையால் சரியாகக் கூடியதற்கு ஒருவர் ஏன் இருட்டில் கிடக்க வேண்டும்? அதைத் தடுப்பதுதான் எங்கள் வேலை என்றார். ஒரு சொல்லிலேயே எது நம் வேலை, எதிலிருந்து தொடங்குவது என்பது தெளிவாகிவிடுகிறது. தொலைநோக்கு என்பது நாம் காண விரும்பும் காட்சி. பணிநோக்கு என்பது அதற்காக நாம் கையில் எடுக்கும் வேலை. இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற தூரத்தை எப்படிக் கடப்பது என்பதுதான் திட்டம், வியூகம், பிளானிங் எல்லாம்.

அவர்கள் திட்டமிட்ட விதத்தைப் பாருங்கள். ஏழை ஏன் ஆஸ்பத்திரிக்கு வருவதில்லை? பஸ் செலவு, அன்றைய கூலி போய்விடும், துணைக்கு ஆள் இல்லை, பயம். ஆகவே முகாமைக் கிராமத்துக்கே கொண்டு போனார்கள், நோயாளியை வண்டியில் ஏற்றி வந்தார்கள். டாக்டர்கள் குறைவு. ஆகவே ஒரு டாக்டருக்கு இரண்டு மேஜை: ஒன்றில் அறுவை நடக்கும்போதே அடுத்ததில் அடுத்த நோயாளி தயார். டாக்டர் திரும்பினால் போதும். நம் பாடத்தில் வருகிற 'ஐடில் டைம்' குறைப்பது என்றால் இதுதான்! அமெரிக்காவின் மெக்டொனால்ட்ஸ் கடைகள் எந்த ஊரிலும் ஒரே தரத்தில், ஒரே வேகத்தில் வேலை செய்வதைப் பார்த்து, கண் சிகிச்சையில் ஏன் அப்படி முடியாது என்று அவர் கேட்டார். கிராமத்துப் பெண்பிள்ளைகளைத் தேர்ந்து, இரண்டு வருஷம் பயிற்சி கொடுத்து, பரிசோதனை முதல் அறுவைக்குத் தயார் செய்வது வரை பழக்கினார்கள். ஆச்சி சொன்ன 'மருந்து விட்ட பிள்ள' அப்படி வந்தவளாகத்தான் இருக்க வேண்டும்.

பணம்? வசதியுள்ளவர்கள் கட்டணம் கொடுப்பார்கள், அந்த வருமானத்தில் இல்லாதவர்களுக்கும் அதே டாக்டர்கள் செய்வார்கள். கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் வெளிநாட்டிலிருந்து வந்தபோது நூறு டாலரை ஒட்டி விலை, ஏழைக்கு எட்டாது. 1992இல் மதுரையில் ஆரோலேப் என்று சொந்தமாகவே தொடங்கி, பத்து டாலர் அளவுக்கு விலையைக் கொண்டுவந்தார்கள். 1993இல் ஹார்வர்டு வணிகப் பள்ளி இந்த மருத்துவமனையைப் பாடமாகவே எழுதி வைத்தது. மணலில் எழுதிப் படித்தவரை ஹார்வர்டில் படிக்கிறார்கள்!

ஆனால் எனக்கு எல்லாவற்றையும் விடப் பிடித்தது வேறு ஒன்று. 1990களின் கடைசியில் ஓர் ஆய்வு நடந்தது. முகாம் நடந்த கிராமங்களில், கண் குறை இருந்தவர்களில் நூற்றுக்கு ஏழு பேர் அளவில்தான் முகாமுக்கே வந்திருந்தார்கள் என்று தெரிந்தது. உலகம் முழுக்கப் பாராட்டும்போது இப்படி ஒரு கணக்கு வந்தால், மறைத்து வைக்கத் தோன்றும். இவர்கள் மறைக்கவில்லை. பாதையை மாற்றினார்கள். 2004 வாக்கில் சிறு ஊர்களில் நிரந்தரமான சின்னக் கண் மையங்களைத் திறக்கத் தொடங்கினார்கள். அங்கே பயிற்சி பெற்ற ஒரு பெண் பரிசோதிப்பார். மருத்துவமனையில் இருக்கிற டாக்டர் கம்ப்யூட்டர் வழியாகவே பார்த்துப் பேசுவார். ஊர் மாறவில்லை, ரூட்டைத்தான் மாற்றினார்கள். 2006இல் அவர் காலமானார். பஸ் இன்றும் அதே ஊருக்குத்தான் போகிறது.

பாவும் ஊடையும்

இதை அப்பாவிடம் சொன்னேன். அப்பாவுக்கு வியூகம், திட்டம் என்றெல்லாம் தெரியாது. ஆனால் தறி தெரியும். "தறியில பாவு ஏத்துறதுக்கு முன்னாலயே யோசிச்சுரணும் தம்பி. எந்தக் கலரு, எத்தன இழை, கரை எவ்வளவுன்னு. ஏத்தியாச்சுன்னா முடிஞ்சுது. அதுக்கப்புறம் ஊடையத்தான் மாத்தலாம். தார மாத்தினா ஊடைக் கலரு மாறும். பாவு மாறாது" என்றார்.

பாடப் புத்தகத்தில் நான் நாலு பக்கம் படித்தும் புரியாதது இதில் புரிந்தது. நோக்கம் பாவு. அன்றாட வேலை ஊடை. ஊடையை நிலைமைக்குத் தக்கபடி மாற்றலாம், மாற்றவும் வேண்டும். பாவைத் தினமும் மாற்றுகிறவன் ஒரு சேலை கூட முடிக்க மாட்டான்.

நம் வள்ளுவரும் இதைப் புதிதாக விட்டு வைக்கவில்லை. பொருட்பாலில் தெரிந்து செயல்வகை, வலி அறிதல், காலம் அறிதல், இடன் அறிதல் என்று 47 முதல் 50 வரை நான்கு அதிகாரங்களை வரிசையாக வைத்திருக்கிறார். யோசித்து இறங்கு, பலத்தைப் பார், நேரத்தைப் பார், இடத்தைப் பார். மேலாண்மைப் பாடத்தில் நாம் கட்டம் போட்டு எழுதும் பலம், பலவீனம், வாய்ப்பு, ஆபத்து என்பதை அந்த வரிசையில் வைத்துப் பாருங்கள், பொருந்தும்.

நோக்கம் மட்டும் சரியாக இருந்தால் போதுமா? அதற்கும் நம் சீமையிலேயே ஒரு பாடம் இருக்கிறது. ஒட்டப்பிடாரத்து வ.உ.சிதம்பரம் பிள்ளை 1906இல் தூத்துக்குடியில் சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியைத் தொடங்கினார். மூலதனம் 10 லட்சம் ரூபாய், பங்கு ஒன்று 25 ரூபாய். நோக்கத்தில் என்ன குறை? ஒன்றும் இல்லை. ஊரே கப்பலில் ஏறியது. எதிரில் இருந்த ஆங்கிலேயக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது. கடைசியில் இலவசமாக ஏற்றிக்கொண்டு குடையும் கொடுத்தது என்று சொல்வார்கள். அதையும் தாக்குப்பிடித்தார். 1908இல் அவரைச் சிறையில் போட்டார்கள். அவர் உள்ளே போனதும் கம்பெனியைத் தாங்கிப் பிடிக்க வெளியே ஆள் இல்லை. 1911 அளவில் அது மூடப்பட்டது. அவர் மீது குறை சொல்ல நமக்கு அருகதை இல்லை. அரசாங்கமே எதிர்த்து நின்றபோது அந்த மனிதர் செய்தது மலை போன்ற காரியம். ஆனால் பாரம் முழுவதும் ஒரே தலையில் இருந்தால், அந்தத் தலையைக் குறி வைத்தால் போதும் என்று எதிரிக்குத் தெரிந்திருந்தது. நோக்கம் பலர் நெஞ்சில் இருக்க வேண்டும். ஆச்சி சொன்ன மாதிரி, யாரைக் கேட்டாலும் ஒரே ஊரைச் சொல்ல வேண்டும்.

என் நண்பன்

இனிமேல்தான் நான் சொல்ல வந்த விஷயம். இதை எழுதலாமா என்று நாலு நாள் யோசித்தேன்.

முதல் வருஷத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்த நண்பன் ஒருவன் இருந்தான். உங்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கலாம். வொர்க்‌ஷாப்பில் அவன் அராவுகிற இரும்பு அவ்வளவு சுத்தமாக வரும். ஆனால் கணக்கு வராது. முதல் செமஸ்டரில் கணக்கில் அரியர். இரண்டாம் செமஸ்டரிலும் அரியர். இரண்டாம் வருஷம் கல்லூரி திறந்தபோது அவன் வரவில்லை. திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டான் என்றார்கள். "பாவம், வீட்டுக் கஷ்டம்" என்று பேசிக்கொண்டோம். நானும் அப்படித்தான் நினைத்தேன். அவன் வீட்டுக்கு ஒரு தடவை போய்க் கேட்கவில்லை. பஸ்ஸில் இருபது நிமிஷ தூரம்.

போன ஆடித்தபசுக்கு அவன் ஊருக்கு வந்திருந்தான். தேரடியில் கூட்டத்தில் பார்த்தேன். பேச்சு வாக்கில் கேட்டேன்: "ஏம்லே விட்ட?"

"ரெண்டு அரியர்லா. ரெண்டாம் வருஷம் உக்கார விடமாட்டாகன்னு நினைச்சேன். எங்க அய்யாவும் பெயிலாப் போனவனுக்கு எதுக்குப் பீஸுன்னுட்டாரு."

நண்பர்களே, நமக்கு எல்லாருக்கும் தெரியும். வருகைப் பதிவு இருந்தால் அரியரோடு அடுத்த வருஷம் போகலாம், அரியரைப் பின்னால் எழுதிக்கொள்ளலாம். அவனுக்குத் தெரியவில்லை. பள்ளிக்கூடத்தில் பெயில் என்றால் பெயில்தானே! அவன் வீட்டில் அதுவரை யாரும் கல்லூரி வாசலை மிதித்ததில்லை. யாரிடம் கேட்பான்?

நான் சொன்னதும் அவன் என்னையே பார்த்தான். "இப்பச் சொல்லுதியாலே?" என்றான். கோபமாகக் கூடச் சொல்லவில்லை. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

காரணம் இருக்கிறது. எனக்கும் முதல் செமஸ்டரில் கணக்கில் அரியர்தான். எங்கள் அப்பாவும் அதே கேள்வியைக் கேட்டார்: "வீட்டுக்கு அனுப்பிருவாகளாலே?" தறிக் கூடத்தில் எனக்கு ஓர் இடம் சொல்லி வைக்கக் கூட முதலாளியிடம் பேசிவிட்டார். நானும் கிட்டத்தட்ட மனதைத் தயார் செய்துவிட்டேன். ஒரு நாள் டீக்கடையில் ஒரு சீனியர் அண்ணன் தற்செயலாக, "அரியருக்கெல்லாம் அழுவியா? எனக்கு அஞ்சு இருக்குடே!" என்று சிரித்தார். அப்போதுதான் எனக்கு விதியே தெரிந்தது. அதை நான் அவனிடம் சொல்லவில்லை. அவனுக்கும் தெரிந்திருக்கும் என்று இருந்துவிட்டேன். எனக்கும் அவனுக்கும் நடுவில் இருந்த வித்தியாசம் மூளையும் இல்லை, உழைப்பும் இல்லை. ஒரு டீ.

ஆச்சியின் கண்ணும் அவன் படிப்பும் எனக்கு ஒன்றாகத் தெரிந்தன. ஒன்றைக் காப்பாற்றியவர்களுக்குத் தங்கள் வேலை என்னவென்று தெரிந்திருந்தது. நமக்குத் தெரியவில்லை.

பஸ்ஸுக்குள் கணக்கு

இந்த வருஷம் பேரவையின் முதல் கூட்டத்தில் ஒரு பட்டியல் வைத்தார்கள். வரவேற்பு விழா, பொங்கல் விழா, விளையாட்டு, இரண்டு நாள் கலைவிழா, ஃபிளக்ஸ், டி-ஷர்ட் என்று பதினாலு அயிட்டம். நான் எழுந்து, "பேரவை எதுக்கு இருக்கு?" என்று கேட்டுவிட்டேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். ஒருவன் கலைவிழா என்றான், ஒருவன் ஒற்றுமை என்றான், ஒருவன் "எலெக்சன் வச்சாங்க, ஜெயிச்சோம்" என்றான். ஆச்சியாக இருந்தால் அந்த பஸ்ஸிலிருந்து இறங்கியிருப்பாள்!

நான் நண்பன் கதையைச் சொன்னேன். அன்றைக்குப் பேசிப் பேசி, ஒரு அரைத்தாளில் ஒரே ஒரு வரி எழுதினோம்: 'தேவையில்லாமல் ஒருவரும் படிப்பை விடக் கூடாது.' வீட்டில் உண்மையாகவே முடியாமல் போகிறவர்களை நாங்கள் நிறுத்த முடியாது. ஆனால் தெரியாததால், பயத்தால், ஒரு கணக்குப் பாடத்தால் போகிறவர்களை நிறுத்தலாம் அல்லவா?

ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் ஒன்றை விடவேண்டும். கலைவிழாவின் இரண்டாம் நாள் மெல்லிசைக் கச்சேரியை விட்டோம். அதற்காக என்னைத் திட்டியவர்கள் பலர். நானும் அந்தக் கச்சேரியைக் கேட்க ஆசைப்பட்டவன்தான். அந்தப் பணத்தில் முதல் வருஷத்தாருக்கு ஒரு தாள் அச்சடித்தோம், தமிழில். அரியர் என்றால் என்ன, உதவித்தொகைக்கு எப்போது எழுதவேண்டும், பஸ் பாஸுக்கு என்ன வேண்டும், யாரைக் கேட்கவேண்டும். அவ்வளவுதான். கூடவே சாயங்காலம் கணக்கு வகுப்பு. சீனியர்களே சொல்லித் தருவது என்று ஏற்பாடு.

முதல் நாள் வந்தது நாலு பேர். அந்த நாலு பேரும் எப்படியும் பாஸாகக் கூடியவர்கள்! வரவேண்டியவர் ஒருவரும் வரவில்லை. நூற்றுக்கு ஏழு பேர் கணக்கு எனக்கு ஞாபகம் வந்தது. "ஆர்வம் இல்லாத பயலுவ" என்று சொல்லிக் கைகழுவி விடலாம். ஆனால் ஒவ்வொருவராகப் போய் விசாரித்தோம். ஒருவனுக்குச் சாயங்காலத் தறி ஷிப்ட். ஒருத்திக்கு இருட்டுவதற்குள் வீடு போகவேண்டும். பல பேருக்கு அந்த பஸ்ஸை விட்டால் வேறு பஸ் இல்லை.

ஆகவே வகுப்பைப் பஸ்ஸுக்குள் கொண்டுபோனோம். கரிவலம்வந்தநல்லூர்ப் பக்கம் போகிற பஸ்ஸில் நானும் இன்னொருவனும் பின் சீட்டில் உட்கார்ந்து டிட்டர்மினன்ட் சொல்லிக் கொடுத்தோம். குலுங்குகிற பஸ்ஸில் மேட்ரிக்ஸ் எழுதினால் நிரை எது நிரல் எது என்று தெரியாது! கண்டக்டர் அண்ணன், "டிக்கெட் எடுத்துட்டுக் கூட்டுங்கடே" என்பார். அந்த பஸ்ஸில் மொத்தம் ஒன்பது பேர். செமஸ்டர் முடிவு வந்தபோது அதில் ஆறு பேர் கணக்கில் தேறினார்கள், மூன்று பேருக்கு அரியர்.

இதைச் சாதனை என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அரியர் வந்த அந்த மூன்று பேரும் மறுநாள் பஸ்ஸில் ஏறினார்கள். ஒருவன் என்னைப் பார்த்ததும், "அண்ணே, அரியரோட அடுத்த செமஸ்டர் போலாம்லா?" என்று அவனே சொல்லிச் சிரித்தான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அடுத்த வருஷம் பேரவைக்கு வரப்போகிற தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். நாங்கள் போகிறோம். அந்த அரைத்தாளை உங்களிடம் தருகிறோம். அதை ஃபிரேம் போட்டு மாட்டாதீர்கள். மாட்டினால் நானே மனப்பாடம் செய்த மாதிரி ஆகிவிடும். தாளில் உள்ள வழிகளை மாற்றுங்கள். பஸ் வேண்டாம் என்றால் வேறு வழி பாருங்கள். ஊடை உங்களுடையது. பாவை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். வருஷத்துக்கு இரண்டு தடவையாவது, வராமல் போனவர் யார் என்று பெயர் எழுதிப் பாருங்கள். அந்தப் பெயருக்குரியவர் வீட்டுக்கு ஒரு தடவை போய் வாருங்கள்.

என் நண்பனிடம் போனில் பேசினேன். மறுசேர்க்கைக்கு வழி உண்டா என்று அலுவலகத்தில் கேட்டிருக்கிறோம். விண்ணப்பத்தை நானே எழுதி அனுப்பியிருக்கிறேன். "யோசிச்சுச் சொல்லுதேன்" என்றான். அவன் கடனும் கட்டவேண்டியிருக்கிறது. வருவானா தெரியாது. பஸ் எங்கே போகிறது என்பதை இந்தத் தடவை அவனிடம் சொல்லிவிட்டேன்.

பேராசிரியர் ஐயா மறுபடி நம் கல்லூரிக்கு வந்தால், யாராவது அவரிடம் சொல்லுங்கள். தமிழில் சொல்ல இப்போது எனக்குத் தெரியும்.



— மூன்றாம் ஆண்டு மாணவன்,
மின்னியல் மற்றும் மின்னணுவியல் துறை